மூன்றாவது கவை

அப்பு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொண்ட பட்டியல் இப்போது என் முன்னால் இருக்கிறது. மாடிப்படியின் மேல் முனையில் ஒரு சின்னக் கதவு போட வேண்டும். இனியனைத் தெருவில் இறக்கிவிடக் கூடாது. மொட்டைமாடிக்குப் போனால் யாராவது கூடவே போக வேண்டும். மண்ணில் விளையாட விடக் கூடாது. மரத்துப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. நீயும் உன் மனைவியும் ஜெர்மனிக்குப் போய், வீடு பிடித்து, அவனை அழைத்துக்கொள்ள ஆறு மாதம் ஆகும். அதுவரை திண்டுக்கல் நாகல் நகரில் எங்கள் மாடி வீட்டுக்குள் அவன் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதுதான் நீ கேட்டது. நான்கு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டுப் போகிறவன் இதைக் கேட்பதில் தவறில்லை. கடைசியாக ஒன்று சொன்னாய். "நான் விழுந்தவம்ப்பா. அந்தக் கையோடதான் இன்னிக்கும் திரியிறேன். ஒங்களுக்குச் சொல்லணுமா?" நான் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன்.

முப்பத்து நான்கு வருடம் செய்தி எழுதிப் பிழைத்தவன் நான். முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், விளக்கமெல்லாம் பிறகு என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். ஆகவே சொல்லிவிடுகிறேன். நீ மரத்தில் ஏறி விழவில்லை. அந்த உயரத்துக்கு நீ ஏறியதே இல்லை. நான்தான் உன்னைத் தூக்கி அங்கே உட்கார வைத்தேன். இருபத்தெட்டு வருடமாக இது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது. சமீபம் வரை உன் அம்மாவுக்கும் தெரியாது. உனக்கு அப்போது நான்கு வயது நிறையவில்லை, அதனால் உனக்கும் நினைவில்லை. நான் சொன்னதைக் கேட்டுக் கேட்டு, ஏறியதாகவே உனக்கு ஒரு நினைவு உண்டாகிவிட்டது. இதை உனக்கு மட்டும் தபாலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் அன்று சொன்ன பொய் நாலு மாவட்டத்துக்குப் போன பேப்பரில் வந்தது. அச்சில் சொன்னதை அச்சில்தான் திருத்த வேண்டும்.

உன் அம்மா அப்போது சாணார்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் நர்ஸாக இருந்தாள். காலை பஸ்ஸில் உன்னையும் கூட்டிக்கொண்டு போவாள். துணை சுகாதார நிலையத்துக்குப் பின்னால் பால்வாடி. ஒரே அறை, மேலே கல்நார் ஓடு, ஒரு ஜன்னல். பத்து மணிக்கு மேல் அதற்குள் பெரியவர்களே உட்கார முடியாது. ஆரோக்கியமேரி என்று ஒரு டீச்சர். வயது முப்பத்தைந்து இருக்கும், ஒல்லியான உடம்பு, சேலையை முழங்காலுக்குச் சற்றுக் கீழே தூக்கிச் செருகியிருப்பார். காலைக் கஞ்சி குடித்து முடித்ததும் இருபது பிள்ளைகளையும் ஒரு கயிற்றைப் பிடிக்கச் சொல்லி, அறைக்குப் பின்னால் இருந்த ஓடைக்கு நடத்திக்கொண்டு போவார். மழைக்காலம் போக மீதி நாளெல்லாம் அது மணல் ஓடைதான். கரையில் ஒரு புங்கமரம். அது நேராக வளராமல் ஓடையைப் பார்த்துச் சாய்ந்து, தரைக்குப் பக்கத்திலேயே கிளை பிரிந்திருந்தது. முதல் கவை என் முழங்கால் உயரம். இரண்டாவது இடுப்பு உயரம். மூன்றாவது என் தோளுக்கு ஒரு சாண் மேலே. இந்த அளவுகளில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த மரத்தை நான் மறக்கவில்லை.

அங்கே நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை அம்மா தினமும் சொல்வாள், நான் பாதி காதில் வாங்குவேன். அடிபம்பிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து மணலில் ஊற்றி வாய்க்கால் வெட்டுவீர்கள். ஈர மணல் அணையாக நிற்கும், காய்ந்த மணல் நிற்காது என்பதை மேரி டீச்சர் சொல்லித் தரவில்லை. அணை உடைந்து உடைந்து நீங்களே கண்டுபிடித்தீர்கள். கண்ணை மூடிக்கொண்டு இலையைத் தடவி வேம்பா புங்கையா என்று சொல்வீர்கள். புங்கங்காய்களைப் பத்துப் பத்தாகக் குவிப்பீர்கள். ஒருநாள் நீ வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "எறும்பு ஏன்பா வளைஞ்சு போகுது, நேரா போனா சீக்கிரம் போயிரலாம்ல?" என்று கேட்டாய். எனக்குத் தெரியவில்லை. "சாப்பிடு" என்றேன். உன்னிடமிருந்து அப்படி ஒரு கேள்வி அதற்குப் பிறகு வந்ததா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். நினைவில்லை.

அந்த ஊரில் அடிபம்புத் தண்ணீர் இறங்கிவிட்டது என்று யாரோ சொல்ல, அதை எழுதுவதற்காக ஒரு காலையில் நான் அங்கே போனேன். கழுத்தில் கேமரா. ஓடைப் பக்கம் பிள்ளைகள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். எங்கள் தொழிலில் மரத்தடி என்றால் அவலம். மரத்தடியில் ரேஷன் கடை, மரத்தடியில் பள்ளிக்கூடம், மரத்தடியில் பிரசவம் என்று நாங்கள் எழுதிக்கொண்டே இருப்போம். பிள்ளைகள் மரத்தடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்த உடனே தலைப்பு எனக்குள் வந்துவிட்டது. அறை ஒன்று இருக்கிறது, அவர்கள் விரும்பித்தான் வெளியே வந்திருக்கிறார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு முன்பே வந்துவிட்டது. தெரிந்த பிறகும் அது போகவில்லை. இது என் முதல் தவறு. இதைச் செய்யாத நிருபர்கள் குறைவு.

"ஏலே, யாரு வந்திருக்கா பாரு" என்று மேரி டீச்சர் உன்னைக் கூப்பிட்டார். நீ முழங்கை வரை சேறோடு ஓடி வந்து என் பேன்ட்டைக் கட்டிக்கொண்டாய். இரண்டு பையன்கள் ஒரு கோட்டுத் தண்ணீருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "மாமா, எங்க ஆத்துல தண்ணி வருது, வந்து பாருங்க." "பொய் மாமா, இவனோடது வாய்க்கா. என்னோடதுதான் ஆறு." டீச்சர் அதில் தலையிடவில்லை. மரத்தைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்: "ஒங்க மகன் இன்னும் முதல் கவையிலதான் நிக்கிறான் சார். ஒண்ணும் அவசரம் இல்ல. வர்ற மாசம் ரெண்டாவதுக்குப் போயிருவான்."

"விழுந்துட்டா என்ன டீச்சர் பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"நாம தூக்கி வச்சாத்தான் சார் விழும். தானா ஏறின பிள்ளைக்கு இறங்கத் தெரியும். நான் எந்தப் பிள்ளையையும் தூக்கி விட மாட்டேன். அழுதாலும் விட மாட்டேன். போன வாரம் ஒங்க மகன்தான் தூக்கி விடச் சொல்லி அம்புட்டு அழுகை."

இதை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

படம் எடுக்க வேண்டும், ஆனால் கண் முன்னால் இருந்தது அவலம் இல்லை. சேற்றில் குதிக்கிற பிள்ளைகள்தான் இருந்தார்கள். "டீச்சர், சிலேட்டு இருக்கா?" என்றேன். "ரூம்ல கெடக்கு சார். இவுக மண்ணுலயே எழுதுவாக. எதுக்கு?" "ஒரு போட்டோ. செத்த எடுத்துட்டு வாங்களேன்." அவர் ஒரு கணம் பிள்ளைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெரிய மனுசன் ஒருத்தன் நிற்கிறான், அதுவும் ஒரு பிள்ளையின் அப்பன். போய்விட்டு வரலாம் என்று நினைத்திருப்பார். ஆயா அடுப்படியில் இருந்தாள். டீச்சர் நடந்து அறைப் பக்கம் திரும்பியதும் நான் பிள்ளைகளை மரத்தடியில் வரிசையாக உட்கார வைத்தேன். "யாரும் சிரிக்கக் கூடாது" என்றேன். முன் வரிசையில் இருந்த ஒரு பெண் குழந்தை, "ஏன் மாமா?" என்று கேட்டது. 

நீ வரிசைக்கு நடுவில் வந்து உட்கார்ந்தாய். நிருபர் மகன் படம் பேப்பரில் வந்தால் ஊரில் பேசுவார்கள். எழுப்பி ஓரமாக நிற்க வைத்தேன். மறுபடி வந்து உட்கார்ந்தாய். அப்போதுதான் உன்னை இரண்டு கையாலும் தூக்கி, பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால், மூன்றாவது கவையில் உட்கார வைத்தேன். படத்துக்குள் வராத உயரம் அது. "செத்த நேரம் இங்கனயே இரு" என்று சொல்லிவிட்டு வந்து கேமராவைக் கண்ணில் வைத்தேன். நீ மேலே இருந்து காக்கா மாதிரிக் கத்தினாய். பிள்ளைகள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு எரிச்சல். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஏலே, வாய மூடுறியா இல்லையா" என்று சத்தம் போட்டேன். பிள்ளைகள் அடங்கினார்கள். நீயும் அடங்கினாய். நான் படம் எடுத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில் உன் சத்தம் கேட்டது. நீ அடங்கியிருந்த அந்த நேரத்தில் இறங்கப் பார்த்திருக்கிறாய். இறங்கும் வழி உன் உடம்புக்குத் தெரியாது. வேர் புடைத்திருந்த பக்கமாக விழுந்து கிடந்தாய், இடது கை உனக்குக் கீழே.

மேரி டீச்சர் சிலேட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். அவற்றை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார். நான் உன்னைத் தூக்கிக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்கு ஓடினேன். அம்மா உன்னைக் கையில் வாங்கிக்கொண்டாள். "எப்படிங்க விழுந்தான்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தபோது என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. "மரத்துல ஏறிருக்கான்" என்றேன். மூன்று நொடியில் சொன்ன சொல். அதற்குப் பிறகு நான் எழுதியதும் மறைத்ததும் எல்லாம் அந்த ஒரு சொல்லைக் காப்பாற்றுவதற்காகத்தான். திண்டுக்கல்லில் எலும்பு டாக்டர் கட்டுப் போட்டார். முழங்கை முட்டியில் விழுந்த முறிவு, வளரும் பிள்ளை, கொஞ்சம் கோணலாக வரலாம் என்றார். வந்தது.

செய்தியை எழுதாமல் விட்டிருக்கலாம் என்று நீ நினைக்கலாம். எழுதாவிட்டால் அம்மா ஏன் என்று கேட்பாள் என்று எனக்கு அப்போது தோன்றியது. பிள்ளை விழுந்ததற்கு யாரோ ஒருத்தர் பொறுப்பு என்றால் அந்த யாரோ ஒருத்தர் நானாக இருக்கக் கூடாது என்பதும் உள்ளே இருந்தது. மறுநாள் மதியம் உட்கார்ந்து எழுதி, பிலிம் சுருளையும் சேர்த்து உறையில் போட்டு, பஸ் நிலையத்தில் மதுரை வண்டி கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். அப்போது அதுதான் வழக்கம். அந்தச் செய்தியில் இப்படி ஒரு வரி இருந்தது: "ஆசிரியை இல்லாத நேரத்தில் மரத்தில் ஏறிய சிறுவன் தவறி விழுந்ததில் கை முறிந்தது." பேப்பர் நறுக்கு இன்னும் என் கோப்பில் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லாகப் பார்க்கிறேன். ஆசிரியை இல்லாத நேரம் என்பது சரி, ஆனால் அவரை அனுப்பியவன் நான். மரத்தில் ஏறிய என்பது பொய். தவறி விழுந்தது என்பது சரி, ஆனால் தவறு சிறுவனுடையது அல்ல. கை முறிந்தது என்பது மட்டும்தான் அந்த வரியில் முழுதாக உண்மை. மேலே படம். பத்தொன்பது பிள்ளைகள், ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை.

அதன் பிறகு நடந்ததை எங்கள் தொழிலில் "செய்தி எதிரொலி" என்று போடுவோம். நாம் எழுதினோம், அதிகாரிகள் அசைந்தார்கள் என்று பெருமையோடு இரண்டாம் முறை எழுதுவது. நானும் எழுதினேன். ஜீப்பில் வந்தார்கள், பார்த்தார்கள். முதலில் பிள்ளைகளுக்கு எட்டாதபடி கீழ்க்கிளைகளை வெட்டினார்கள். புதுக் கட்டிடத்துக்கு இடம் வேண்டும் என்று பிறகு மரத்தையே எடுத்தார்கள். இரும்புக் கதவு, சுற்றுச்சுவர், சிமென்ட் தரை. சுவர் முழுக்கப் படம் வரைந்தார்கள். மாமரம், கிளி, மான். திறப்பு விழாவுக்கு என்னை மேடையில் உட்கார வைத்தார்கள். ஓடைப் பக்கமாக ஒரு ஜன்னல்கூட வைக்கவில்லை என்பதை அன்று நான் கவனிக்கவில்லை. மேரி டீச்சர் அந்த விழாவில் இல்லை. அவரிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். தன் கவனக்குறைவுதான் என்று எழுதிக் கொடுத்தார். குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு ஊருக்கு மாற்றினார்கள்.

போவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் நாகல் நகர் வீட்டுக்கு வந்தார். மஞ்சப்பையில் உனக்குக் கொய்யாப்பழம். அம்மா உள் அறையிலிருந்து வெளியே வரவே இல்லை. இரண்டு பேரும் அதுவரை ஒரே சோற்றுத் தூக்கில் சாப்பிட்டவர்கள். டீச்சர் மாடிப்படியிலேயே நின்றுகொண்டு, "சார், ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போறேன்" என்றார். "ரெண்டாவது கவைக்கே போகாத பிள்ளை, மூணாவதுக்கு எப்படி சார் போச்சு? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், பிடிபடல. ஏறத் தெரிஞ்ச பிள்ளை ஏன் சார் விழுந்துச்சு?"

அவர் என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, அப்பு. முகத்தைப் பார்த்தால் தெரியும். எத்தனையோ வருடம் பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்த ஒன்று பொய்யாகிப்போனது எப்படி என்று தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் சொன்னேன்: "பிள்ளைகதான டீச்சர், எப்ப என்ன செய்யும்னு யாரு கண்டா." அவர் தலையை ஆட்டினார். "அப்ப நான்தான் தப்பா நெனச்சுட்டு இருந்திருக்கேன் போல" என்று சொல்லி, பையைப் படியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.

உன் கதை உனக்கே தெரியும், இருந்தாலும் நான் பார்த்ததைச் சொல்கிறேன். கட்டுப் பிரித்த பிறகு அம்மா உன்னைக் கீழே விடவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்றால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். எதிர்வீட்டுப் பையன்கள் தெருவில் கோலி விளையாடும்போது நீ மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலே இருந்து யார் ஜெயித்தார்கள் என்று கத்திச் சொல்வாய். அவர்கள் உனக்கு "அம்பயர்" என்று பேர் வைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு நேரத்தில் உட்கார்ந்திருக்க அம்மா கையெழுத்துப் போட்ட கடிதம் உன் பையில் எப்போதும் இருக்கும். கல்லூரியிலிருந்து சிறுமலைக்குப் போனபோது நீ மட்டும் பஸ்ஸை விட்டு இறங்கவில்லை என்று உன் சிநேகிதன் ஒருத்தன் சிரித்துக்கொண்டே சொன்னான். "யாராச்சும் பையெல்லாம் பாத்துக்கணும்ல" என்றாய் நீ. நான் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். நீ பயந்தாங்கொள்ளி இல்லை. தன்னால் எவ்வளவு முடியும் என்று அளந்து பார்க்கக் கிடைத்த ஒரே இடத்தில், அளந்துகொண்டிருந்த நேரத்தில், உன்னை ஒருத்தன் எடுத்து வேறு உயரத்தில் வைத்துவிட்டான். அளவு அங்கேயே கெட்டுப்போனது.

இதையெல்லாம் இப்படியே வைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். இந்தப் பொங்கலுக்கு நீங்கள் வந்திருந்தபோது இனியனை வண்டியில் முன்னால் உட்கார வைத்து, சாணார்பட்டிப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒருவருடைய தோட்டத்துக்குக் கொண்டுபோனேனே, அதை முழுதாக உன்னிடம் சொல்லவில்லை. தக்காளி பிடுங்கி முடித்து உழுது போட்டிருந்த நிலம். வண்டியை வரப்பில் நிறுத்தி, "எறங்குய்யா" என்றேன். அவன் கீழே பார்த்தான். சுற்றிப் பார்த்தான். இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, தரை எங்க?" என்று கேட்டான். "இதாம்யா தரை" என்றேன். "இது இல்ல தாத்தா. நிக்கிற தரை." தோட்டக்காரர் சிரித்தார். "பட்டணத்துப் பிள்ளை, கால்ல மண்ணு பட்டா கரைஞ்சுருமாக்கும்" என்றார். நான் சிரிக்கவில்லை. அவன் கடைசி வரை இறங்கவில்லை. வரப்பில் ஒரு தேள்பூச்சி கிடையாது, ஒரு முள் கிடையாது. திரும்பி வந்தபோது, வண்டிச் சக்கரத்திலிருந்து தெறித்து அவன் செருப்பில் ஒட்டியிருந்த ஒரு துளி மண்ணைப் பார்த்துவிட்டு நீ சட்டைக் கையை மடித்து, கோணல் முட்டியை என் முகத்துக்கு நேராக நீட்டினாய். "இது போதாதாப்பா ஒங்களுக்கு?"

நீங்கள் சென்னைக்குத் திரும்பிப் போன பிறகு மேரி டீச்சரைத் தேட ஆரம்பித்தேன். ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பது எனக்குத் தெரிந்த வேலை. குஜிலியம்பாறை பஸ்ஸில் போய் இறங்கி, அங்கிருந்து ஒரு ஷேர் ஆட்டோ. ஓய்வு பெற்று, மகள் வீட்டோடு இருக்கிறார். வாசலில் கொள்ளு காயப்போட்டு, கையில் ஒரு குச்சியோடு கோழி விரட்டிக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெள்ளை. என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நர்ஸம்மா வீட்டுக்காரரா?" என்றார். உட்காரக் கூட நேரம் கொடுக்காமல் அடுத்த கேள்வி கேட்டார்: "தம்பி கை சரியாயிருச்சா சார்?"

நான் சொன்னேன். சிலேட்டுக்கு அனுப்பியதிலிருந்து தொடங்கி, ஒன்றையும் விடாமல், வரிசையாகச் சொன்னேன்.  முடித்ததும், "எந்தக் கவையில சார் வச்சீங்க?" என்று கேட்டார்.

"மூணாவது."

"அப்ப பிள்ளை ஏறல."

"ஏறல டீச்சர்."

"அதான" என்றார்.  ஒரு கோழி வந்து கொள்ளில் வாய் வைத்தது, அதை அவர் விரட்டவில்லை. பிறகு என்னைப் பார்க்காமல், கொள்ளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "இங்க வந்த பெறகு நான் ஒரு பிள்ளையையும் வெளிய விடல சார். பின்னாடியே வேப்பந்தோப்பு இருந்துச்சு. பிள்ளைக ஜன்னலப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். கதவச் சாத்தி வச்சுப் பாட்டுச் சொல்லிக் குடுத்தேன். மேல இருந்து வந்து பாக்குறவுக எல்லாம் நல்ல டீச்சர்னு எழுதிட்டுப் போனாக. இருவது வருசத்துக்கு மேல சார். எம்புட்டுப் பிள்ளைக." அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. "பஸ்ஸுக்கு நேரமாச்சு, அடுத்தது சாயங்காலந்தான்" என்றார். நான் எழுந்து வந்தேன். திரும்பிப் பார்த்தபோது, கோழியை விரட்டுகிற குச்சியை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஒரு டீச்சர், ஒரு பால்வாடி என்றுதான் நான் இவ்வளவு நாளும் கணக்குப் போட்டிருந்தேன். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளைகள் என் கணக்கில் இல்லை. இப்போது அவர்களில் பலருக்கும் பிள்ளைகள் இருப்பார்கள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நிற்கவில்லை, ஆய்ந்து முடித்தாள். தண்டையும் இலையையும் தனித்தனியாக வைத்தாள். "இம்புட்டு நாளா எங்கிட்டயுமாங்க?" என்று கேட்டாள். தண்டைக் குப்பையில் போட்டுவிட்டு வந்து, "அந்தப் பிள்ளை கொய்யாப்பழம் கொண்டாந்துச்சு. நான் மொகங்கூடக் காட்டல" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு சோறு போடுகிறாள், வெஞ்சனம் வைக்கிறாள், மாத்திரையை எடுத்துத் தருகிறாள். பேசுவதில்லை. போன செவ்வாய்க்கிழமை என்னிடம் சொல்லாமல் தனியாகக் குஜிலியம்பாறைக்குப் போய்விட்டு வந்தாள். அங்கே என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்கிற உரிமை எனக்கு இருப்பதாகத் தெரியவில்லை. அவளும் உன் பள்ளிக்கூடத்துக் கடிதங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டவள். என்னை நம்பித்தான் போட்டாள்.

இனி உன் பட்டியலுக்கு வருகிறேன். மாடிப்படிக்குக் கதவு போட்டாயிற்று, நேற்று ஆசாரி வந்து மாட்டிவிட்டுப் போனார். மற்றதையும் நீ சொன்னபடியே செய்வேன். நீ அவனுக்கு அப்பன். நான்கு வயதுப் பிள்ளையை மண்ணில் விடாமல் இருப்பதற்கு உனக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். கிருமி, நாய், ரோட்டில் போகிற வண்டி, எங்கள் வயது, என் முட்டிவலி. அதில் எதைச் சொன்னாலும் நான் மறு பேச்சுப் பேச மாட்டேன். ஆனால் நீ விழுந்ததை மட்டும் காரணமாகச் சொல்லாதே. அது உன்னுடையது அல்ல. அதை எழுதியவன் நான். அதை எடுத்துவிட்டுப் பார்த்த பிறகும் கதவு மூடியே இருக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் மூடி வைப்பேன். இதைப் படித்துவிட்டு, அவனை எங்களிடம் விடவே வேண்டாம் என்று நீ முடிவு செய்தாலும் அதற்கும் நியாயம் இருக்கிறது. அம்மாவுக்குத்தான் கஷ்டம். அவனுக்காகக் கம்பளி வாங்கி வைத்திருக்கிறாள்.

இந்த வயதில் உனக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், அதுவும் மேரி டீச்சருடையது. நான் அதைக் கேட்டுவிட்டு, கால்மணி நேரத்துக்குள் மீறியவன். தூக்கி விடாதே. படிப்பிலும் சரி, வேலையிலும் சரி, மரத்திலும் சரி, அவன் அழுதாலும் அவன் போகாத உயரத்தில் அவனைக் கொண்டுபோய் வைக்காதே. நம் வசதிக்காகத்தான் நாம் பெரும்பாலும் தூக்குகிறோம். நான் ஒரு படத்துக்காகத் தூக்கினேன்.

பொங்கலுக்குப் போன அந்தத் தோட்டத்தில் கிணற்றுப் பக்கம் ஒரு புங்கமரம் நிற்கிறது. போன வாரம் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சாய்ந்த மரம்தான். முதல் கவை முழங்கால் உயரம், இரண்டாவது இடுப்பு. கிணற்றுக்குச் சுவர் இருக்கிறது, கீழே மணல் இருக்கிறது, வேர் புடைத்துக்கொண்டு இல்லை, கையால் தடவிப் பார்த்தேன். இனியனை விட வரும்போது ஒரு நாள் முன்னதாக வர முடியுமானால் வா. அவனை அம்மாவிடம் விட்டுவிட்டு நாம் இரண்டு பேர் மட்டும் அங்கே போகலாம். நான் வரப்பிலேயே நின்றுகொள்கிறேன், கிட்டே வர மாட்டேன். வர்ற மாசம் ரெண்டாவதுக்குப் போயிருவான் என்று டீச்சர் உன்னைப் பற்றிச் சொன்னார். நீ இன்னும் போகவில்லை.

அப்பா